ஆறு ரூபாய் நாற்காலி

தூத்துக்குடிக்குப் போகிறேன் என்றதும் கொழும்பில் என் அலுவலகத்தில் ஆறு பேர் முத்து வாங்கி வரச் சொன்னார்கள். என் தங்கை மட்டும் கூறைச் சேலை கேட்டாள். கல்யாணம் அவளுக்கு என்பதால் அவள் சொன்னதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் நாட்டில் துணி, பருப்பு, மல்லி எதுவும் வெளியிலிருந்து வருவதில்லை. பாண் என்னும் ரொட்டி வாங்க விடியுமுன் வரிசை. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு மணவறையில் உடுத்த இந்தியக் கூறை வேண்டும். ஆனால் இந்தியா போகிறவன் கையில் அரசாங்கம் கொடுத்துவிடும் வெளிநாட்டுக் காசு ஒரு நல்ல சாப்பாட்டுக்கும் ஒரு மோசமான கட்டிலுக்கும்தான் காணும். ஆகவே எல்லோரையும் போல நானும் அங்கே விற்றுக் காசாக்கக் கராம்பு கொண்டுபோனேன். சுங்க அதிகாரி பையை முகர்ந்து பார்த்து, “கறிக்கா?” என்றார். “ஓம், கறிக்கு.” “நாலு கிலோவுமா?” “குடும்பம் பெரிசு.” அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு பிடி அள்ளித் தன் கறிக்கு வைத்துக்கொண்டு என்னை விட்டார்.

கப்பல் பயணத்தைச் சொல்லாமல் விடுகிறேன். அதில் வாந்தியைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

கொழும்பில் எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் தூத்துக்குடியில் இருக்கும் தன் தம்பிக்கு ஒரு கடிதம் தந்திருந்தார். தம்பி பெயர் பிச்சையா. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில், இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, பெரிய குரல். மில்லர்புரத்தில் இரண்டு அறை வீடு. நான் சாப்பிட்ட இட்லிகளை அவர் உதடுகள் எண்ணுவதைப் பார்த்தேன். கஞ்சத்தனமில்லை, தொழில் பழக்கம்.

“அங்கன பருப்புக்குத் தட்டுப்பாடாமே அண்ணாச்சி?”

“ஓம். பருப்பைக் கண்டு கனகாலம்.”

இதை உள்ளேயிருந்து கேட்டுவிட்டாள் அவர் மனைவி இசக்கியம்மாள். அந்தக் கணத்திலிருந்து நான் ஊரை விட்டுப் புறப்படும்வரை எனக்கு மூன்று வேளையும் பருப்பு. ஒரு நாட்டின் பஞ்சத்தை ஒரே வயிற்றில் தீர்த்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

முதல் நாள் காலை கராம்பு விற்கப் போனோம். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கடித்தார். “சிலோன் கிராம்பு. வாசனை நல்லாருக்கு. நீங்க என்னமோ பேர் சொன்னீயளே?” “கராம்பு.” “பேரை மாத்திச் சொன்னா விலை கூடாது அண்ணாச்சி” என்று சொல்லிச் சிரித்தபடி, நான் நினைத்ததைவிட நல்ல விலையே தந்தார். முத்து எங்கே கிடைக்கும் என்று அவரிடம் விசாரித்தேன். “முத்துக்குளிப்பு நின்னு வருஷக்கணக்காச்சு. உப்பு வேணும்னா எத்தனை மூட்டை வேணும்?” என்றார்.

உப்புக்கு அந்த ஊரில் குறைவில்லை. ஊருக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைக் குவியல்கள். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. குடிக்கிற தண்ணீருக்குத்தான் குடங்கள் வரிசையில் நின்றன. எங்கள் ஊரில் மனிதர்கள் வரிசையில் நிற்கிறார்கள், இங்கே குடங்கள். அந்தவரையில் இவர்கள் நாகரிகத்தில் ஒரு படி மேலே.

கடைத்தெரு முழுவதும் ஒரே சுவரொட்டி. அகில இந்தியக் கால்பந்துப் போட்டி. கல்கத்தா, பெங்களூர், கோவா என்று எங்கெங்கிருந்தோ அணிகள். தரை ஒரு ரூபாய், கேலரி இரண்டு ரூபாய், நாற்காலி ஆறு ரூபாய், சோபா பதினைந்து ரூபாய். பந்து பார்க்கக் காசு என்பதே எனக்குப் புதிது. யாழ்ப்பாணத்தில் மதிலில் ஏறி உட்கார்ந்தால் அதுதான் சோபா.

“நாளைக்குக் கால் இறுதி. நம்ம ஊர் மில்லு டீம் ஆடுது. போவோமா?” என்றார் பிச்சையா. பிறகு, நான் கேட்காமலே, “ஒத்தப் பைசா செலவு கிடையாது” என்றும் சொன்னார்.

அந்த ஒற்றைப் பைசாவின் கதையை அவர் குளிக்கப் போனபிறகு இசக்கியம்மாள் சொன்னாள். மில் அணியின் கோல்கீப்பர் செல்லத்துரை அவளுடைய தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் இந்த வீட்டில் வளர்ந்தவன். பிச்சையா தன் மேனேஜர் முன்னால் ஒரு மாதம் கைகட்டி நின்று கப்பல் கம்பெனியில் அவனுக்கு ஒரு குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் மாதம், பந்தாட லீவு தரவில்லை என்று அவன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். பாதிச் சம்பளத்துக்கு மில்லில் சேர்ந்தான், அங்கே ஒரு அணி இருந்தது என்பதற்காக. அன்று வாசலில் பெரிய சண்டை. ‘பந்தைப் புடிச்சுப் பொழைக்கப் போறானாம். இவன் ஆடுறதை எவனாச்சும் காசு குடுத்துப் பாப்பானா? நான் ஒத்தப் பைசா குடுக்க மாட்டேன்’ என்று பிச்சையா தெருக் கேட்கச் சொல்ல, அவன் மில் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் போய்விட்டான். போய் ஒரு வருஷம். வாசல் மிதிக்கவில்லை.

“பிறகு ஏன் அவர் பாக்கப் போறார்?” என்று கேட்டேன்.

“பாக்காம இருக்க முடியலைல்லா” என்றாள் அவள். “காசு குடுக்கவும் முடியல. ஒரு வருஷமா நடக்குற கூத்து இது. இன்னும் நாலு நாள் இருப்பீயள்ல, நீங்களே பாருங்க.”

பார்த்தேன்.

இரண்டாம் நாள் இலவச பாஸ். போட்டிக் கமிட்டியில் ஒருவர் பிச்சையாவுக்குத் தூரத்துச் சொந்தமாம். சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? காலையில் கடற்கரைக்குப் போய் ஏழு ரூபாய்க்கு ஒரு சீலா மீன் வாங்கினார். வெயிலில் மீன் கெடக்கூடாதே என்று குதிரை வண்டி பிடித்தார். கமிட்டிக்காரர் மீனை இரண்டு கையாலும் வாங்கி, பாஸை இரண்டு விரலால் கொடுத்தார். வெளியே வந்து பார்த்தால், ‘ஒருவருக்கு மட்டும்.’

“நீங்க விருந்தாளி, நீங்க போங்க” என்று என்னை உள்ளே தள்ளிவிட்டார் பிச்சையா.

மைதானத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலே ஓலைத் தட்டி கட்டியிருந்தார்கள். சவுக்குக் கம்பும் பனஞ்சட்டமும் வைத்துக் கட்டிய கேலரி, கோல் விழுந்தபோதெல்லாம் கல்யாண ஊஞ்சல் மாதிரி ஆடியது. செல்லத்துரையை அன்றுதான் முதலில் பார்த்தேன். நெட்டையான பையன், அக்காவின் அதே மூக்கு. கையுறை கிடையாது. வருகிற பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வான், யாரோ குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனதுபோல. பெங்களூர்க்காரர்கள் அடித்துச் சலித்தார்கள்.

இடைவேளையில் கோலுக்குப் பின்னாலிருந்த தட்டியில் ஒரு ஓட்டையைக் கண்டேன். ஓட்டையில் ஒரு கண். அது எனக்குத் தெரிந்த கண். வெளியே அந்த ஓட்டைக்கு ஒரு சொந்தக்காரர் இருந்திருக்கிறார், கடலை விற்கிறவர். ஒருவர் பார்க்கும் நேரமெல்லாம் அவரிடம் கடலை வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது சட்டம். மில் ஜெயித்து ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது பிச்சையாவின் சட்டைப்பை, வேட்டி மடி, இரண்டு கை எல்லாவற்றிலும் கடலைப் பொட்டலம்.

“ஓசியிலயே முழு ஆட்டமும் பாத்தாச்சு” என்றார் பெருமையாக. தரை டிக்கெட் ஒரு ரூபாய் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. கடலை நன்றாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் பருப்புக்குத் தப்பி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். அங்கே கல்கத்தா அணி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பதினைந்து தடியர்கள், எல்லோர் முகத்திலும் துக்கம். அவர்களுக்குள் ஏதோ வாதம். ஆங்கிலம் தெரிந்த வயதான பயிற்சியாளர் என் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தார்: “மூன்று நாளாக ஆற்றுமீன் இல்லாமல் எப்படி ஓடுவது என்று கேட்கிறார்கள். கடலில் இருப்பதெல்லாம் மீனா என்கிறார்கள்.” பரிமாறுகிறவரிடம் இதைச் சொன்னேன். அவர் கரண்டியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “ஆத்துமீன் திங்குற பயலுவளா நம்ம கோலுல அடிக்கப் போறானுவ?” என்றார். ஆனாலும் குழம்பை அவர்களுக்குக் கொஞ்சம் கூடத்தான் ஊற்றினார்.

அன்று சாயங்காலம் மில்லுக்கு அரை இறுதி, கோவா அணியோடு. பிச்சையா இந்த முறை பாஸை நம்பவில்லை. முத்தையாபுரத்து உப்பு லாரி ஒன்று மைதானத்தை ஒட்டி நின்றது. டிரைவர் பழக்கமானவர். அவருக்கும் கிளீனருக்கும் டீ, வடை, வெற்றிலை, சிகரெட் வாங்கிக் கொடுத்து மூட்டைகளின் மேல் ஏறினோம். ஏற்கெனவே எட்டுப் பேர் அங்கே. நல்ல இடம்தான். மைதானம் தாம்பாளத்தில் வைத்ததுபோலத் தெரிந்தது. தூரத்தில் கடல்கூடத் தெரிந்தது. உப்புச் சாக்கில் உட்கார்ந்திருப்பதன் சங்கடம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியவரும். அதை விளக்கமாக எழுத விரும்பவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது லாரி உறுமியது. முன்னால் நகர்ந்தது.

“இன்னும் கொஞ்சம் முன்னால போலே, கோலு நல்லாத் தெரியும்” என்று எங்களில் ஒருவர் கத்தினார்.

டிரைவர் முன்னால் போனார். ஓலைத் தட்டி போனது, கேலரி போனது, ஊர் போனது. பத்துப் பேரும் கூரையைத் தட்டினோம். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லையோ, சரக்கு ஆறு மணிக்குள் சேரவேண்டுமே என்று கேட்காத மாதிரி இருந்தாரோ தெரியாது. பின்னால் மைதானத்திலிருந்து ஒரு பெரிய சத்தம் எழுந்தது. பிச்சையா மூட்டைமேல் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தார். ஓடுகிற லாரியில் அவர் வேட்டியை நான் பிடித்துக்கொண்டேன்.

“நம்ம சத்தமா, அவனுவ சத்தமா?” என்றார்.

யாருக்கும் தெரியவில்லை.

முத்தையாபுரத்தில் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் இறக்கிவிட்டார்கள். பஸ்ஸுக்கு அரைமணி நேரம் நின்றோம். ஊரிலிருந்து வந்த பஸ்ஸில் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவர்கள் கத்திக்கொண்டே இறங்கினார்கள். மில் ஜெயித்துவிட்டது. அதே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். ஆட்டத்தைப் பார்க்காமலே முழுக்கதையும் பயணிகளிடம் கேட்டு வைத்திருந்தார் கண்டக்டர்.

“கடேசி நிமிஷம், எதிரிக்குப் பெனால்ட்டி. அடிச்சான் பாருங்க, குண்டு மாதிரி. நம்ம செல்லத்துரை ஒரே பாய்ச்சல். ஒத்தக் கையில தட்டிட்டான். அந்தப் பந்து அப்பிடியே நம்ம ஆளு காலுக்குப் போயி, அங்கன ஒரு கோலு! நீங்க பாக்கலையா?”

“உப்பு லாரியில இருந்தோம்” என்றேன்.

கண்டக்டர் இதைப் புரிந்துகொள்ள முயன்று கைவிட்டார். பிச்சையா அவரை மறுபடியும் சொல்லச் சொன்னார். எந்தக் கை என்று கேட்டார். எவ்வளவு உயரத்தில் வந்தது என்று கேட்டார். நாங்கள் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டோம்; நான் சொல்லவில்லை, அவர் மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் இசக்கியம்மாள் வாசலிலேயே நின்றாள். “எப்பிடி ஆடுனான்?”

“ஒத்தக் கையில தட்டுனான்ளா” என்று ஆரம்பித்த பிச்சையா, முழங்காலை மடித்து, கையை நீட்டி, பாய்ந்தே காட்டினார். கண்ணால் கண்டவன்கூட அப்படிக் காட்டமுடியாது. அவள் கேட்டுக்கொண்டே அருகில் வந்து அவர் தலையைத் தடவினாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“கிரவுண்டுல என்ன, உப்பா பெய்ஞ்சுது?”

நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன். பிறகு வெளியே அவர் குரல், எண்ணும்போது இருப்பதுபோல மெல்ல: “பாக்கலைளா. சத்தம் மட்டுந்தான் கேட்டுது.”

அடுத்த நாள் ஆட்டம் கிடையாது. நான் கொற்கைக்குப் போய்வந்தேன். பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம் என்று பள்ளியில் படித்தது. அலுவலகத்து ஆறு பேருக்காகவும் ஒரு கடைசி முயற்சி. பஸ் இறங்கினால் வயலும் வாழையும். கடல் எப்போதோ பல மைல் பின்வாங்கிவிட்டது. வரப்பில் நின்ற பெரியவரிடம் முத்து பற்றிக் கேட்டேன். “நாங்களும் அப்பிடித்தான் கேள்விப்பட்டிருக்கோம்” என்றவர், சும்மா அனுப்ப மனமில்லாமல் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். திரும்புகிற வழியில் பஸ்ஸில் பாதியைத் தின்றேன்.

ஐந்தாம் நாள் இறுதி ஆட்டம். கல்கத்தாவுடன். அன்று காலை கூறை வாங்க இசக்கியம்மாள் என்னோடு வந்தாள்.

ஜவுளிக்கடையில் அவள் பேரம் பேசியதைத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அரக்குச் சிவப்பில் பொன்கரை போட்ட ஒரு சேலையை நான் பார்த்த கணமே பிடித்துப்போயிற்று; அதை என் முகத்தில் கண்டுபிடித்துவிட்டார் கடைக்காரர். அவள் என்னைத் திண்டுப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாள். பிறகு சேலையின் சரிகையைக் குறை சொன்னாள், மடிப்பைக் குறை சொன்னாள், கடைக்காரரின் தகப்பனார் காலத்து நேர்மையைப் புகழ்ந்தாள். இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போனாள். கொழும்பில் விலை எழுதிய சீட்டைப் பார்த்துக் காசு கொடுக்கிற எனக்கு, பேசாமல் முழுவிலையைக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. கடைசியில் பதினெட்டு ரூபாய் குறைந்தது.

தெருவில் இறங்கியதும் கையை நீட்டினாள்.

“அந்தப் பதினெட்டு ரூவா எனக்கு.”

“உங்களுக்கா?”

“நான் வரலைன்னா அது அந்தக் கடைக்காரன் பெட்டிக்குள்ளல்லா போயிருக்கும். உங்க தங்கச்சிக்கும் சேலை வந்தாச்சு.”

நியாயம் அவள் பக்கம் இருந்தது. கொடுத்தேன். அவள் காசை முந்தானையில் முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, என்னை நேரே மைதானத்து டிக்கெட் ஜன்னலுக்கு அழைத்துப் போனாள்.

“நாற்காலி ஆறு ரூவா. மூணு பேருக்குப் பதினெட்டு. என் தம்பி ஆடி நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல அண்ணாச்சி. இவுக வந்து கையைக் காலை நீட்டிக் காட்டுறதத்தான் பாத்திருக்கேன். இந்தா, நீங்க வரிசையில நில்லுங்க.”

வரிசை இரண்டு தெருவுக்கு வளைந்திருந்தது. இங்கே நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டும். இவர்கள் வரிசையில் நிற்கத் தெரியாதவர்கள். முன்னால் தள்ளுகிறார்கள், கோபப்படுகிறார்கள், வெயிலில் களைத்து ஓரமாகப் போய் உட்காருகிறார்கள். பாண் வரிசையில் பயின்றவன் அப்படிச் செய்யமாட்டான். முன்னால் நிற்பவரின் முதுகில் கண்ணை வைத்து, மனதை வேறெங்காவது அனுப்பிவிட்டு, இடைவெளி விழும்போதெல்லாம் அரையடி நகருவான். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று டிக்கெட்டோடு வந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் இசக்கியம்மாள் டிக்கெட்டுகளைப் பிச்சையாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் பார்த்தார். கை சோற்றில் நின்றது.

“நான் என்ன சொல்லியிருக்கேன்னு ஒனக்குத் தெரியும்லா?”

“தெரியும். நீங்க ஒத்தப் பைசா குடுக்கல. இது சிலோன் காசு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“பொம்பளை ஆளு போற எடமா அது?”

“நாற்காலிப் பக்கம் பொம்பளைகளும் இருக்காவ. நீங்க வரலைன்னா நான் அண்ணாச்சிகூடப் போயிட்டு வாரேன்.”

பிச்சையா சோற்றைப் பிசைந்தார். மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, “விருந்தாளி வாங்குனதை வேண்டாம்னு சொல்லுதது மரியாதை இல்ல” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து வெளுத்த சட்டையை எடுத்தார்.

ஆறு ரூபாய் நாற்காலி என்பது கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் இரும்பு மடக்கு நாற்காலி. முதுகில் வாடகைக் கடையின் பெயர். வெயிலில் கிடந்ததால் உட்கார்ந்ததும் எல்லோரும் ஒருமுறை எழுந்தோம். பிச்சையா முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். அரை மணி நேரம் கழித்து என் காதில், “இங்கன இருந்து பாத்தா ரெண்டு கோலும் தெரியுது” என்றார். லாரியில் இருந்த கொஞ்ச நேரம் தவிர, ஒரு வருஷமாக அவர் ஒரு பக்கத்துக் கோலை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

கல்கத்தாக்காரர்கள் ஆற்றுமீன் இல்லாமலும் நன்றாகவே ஓடினார்கள். பந்து பாதி நேரம் நம் கோல் பக்கமே கிடந்தது. இரண்டாம் பாதியில் செல்லத்துரை இரண்டு பந்து பிடித்தான். ஒன்று மேல்கம்பை உரசி வந்தது. காற்றில் படுத்துக்கொண்டே பிடித்தான். இன்னொன்றைக் கூட்டத்துக்கு நடுவே யாருடைய காலிலிருந்தோ பறித்தான். இசக்கியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் விழும்போதெல்லாம் அவளும் நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்தாள்.

ஆட்டம் முடிய மூன்று நிமிஷம். இன்னும் கோல் இல்லை. கல்கத்தா ஆள் ஒருவன் வெகுதூரத்திலிருந்து, சும்மா அடித்துப் பார்ப்போம் என்பதுபோல அடித்தான். தரையோடு உருண்டு வந்த பந்து. சின்னப் பிள்ளை பிடிக்கிற பந்து. செல்லத்துரை குனிந்தான். பந்து எதிலோ பட்டு ஒரு சாண் எழும்பி, அவன் கைக்கும் முழங்காலுக்கும் நடுவே நுழைந்து, கோட்டைத் தாண்டி மெதுவாக ஓடி நின்றது.

விசில் ஊதி ஆட்டம் முடிந்ததும், தட்டிக்கு வெளியே பக்கத்து மதில்மேல் இருந்தவர்களும் மரத்தில் இருந்தவர்களும் ஆரம்பித்தார்கள்.

“ஏலே ஓட்டைக் கையா!”

“கல்கத்தாக்காரங்கிட்ட காசு வாங்கிட்டான்லே!”

“வேணும்னே விட்டான்லே! எறங்குங்கலே, அவனை என்னன்னு கேப்போம்!”

மண்ணாங்கட்டி ஒன்று பறந்து கோல்கம்பத்தில் விழுந்து உடைந்தது. செல்லத்துரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரர் ஒருவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். நான் இசக்கியம்மாளைப் பார்த்தேன், அவள் எழுந்துவிட்டாள். அதற்குள் என் மறுபக்கத்தில் ஒரு பெரிய சத்தம். பிச்சையா நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

“ஏலே! நிறுத்துங்கலே!”

மடக்கு நாற்காலி ஏறி நிற்பதற்கு அல்ல. அது தன் குணப்படி மடங்கியது. அவருடைய ஒரு கால் உள்ளே மாட்டிக்கொண்டது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. காலில் நாற்காலியோடு மதிலைப் பார்த்துக் கத்தினார்.

“ஒன்னைத்தாம்லே, மதிலு மேல இருக்கவனே! நீ எத்தனை ரூவா குடுத்துப் பாத்தே? சொல்லுலே! ஓசியில மரத்துல தொங்கிப் பாத்த பயலுக்குப் பேச்சு என்னலே பேச்சு? நான் குடுத்திருக்கேன்லே ஆறு ரூவா! ஏசணும்னா நான் ஏசுவேன்! காசு குடுத்தவன் நானே பேசாம இருக்கேன், நீ யாருலே அவனைக் கேக்க?”

கேலரியில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், “அண்ணாச்சி சொல்லுதது சரிதாம்லே!” என்றார். ஆறு ரூபாய்க்காரர்கள், இரண்டு ரூபாய்க்காரர்கள், ஒரு ரூபாய்க்காரர்கள் எல்லோருக்கும் தாங்கள் காசு கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலும். மதிலைப் பார்த்து ஏச ஆரம்பித்தார்கள். போலீஸ்காரருக்கும் இப்போது திசை தெரிந்துவிட்டது. மதிலை நோக்கி நடந்தார். மதில் காலியாயிற்று.

அந்த ஆறு ரூபாய் யாருடையது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்போது யார் காதில் விழுந்திருக்கும்?

நாற்காலியிலிருந்து அவர் காலை விடுவிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கணுக்காலில் தோல் உரிந்திருந்தது. அதற்குள் இசக்கியம்மாள் எல்லைக் கயிற்றைத் தூக்கிக் குனிந்து மைதானத்துக்குள் இறங்கிவிட்டாள். பச்சைச் சேலை, செருப்பில்லாத கால், நேரே கோல்கம்பத்தை நோக்கி. யாரும் தடுக்கவில்லை. நாங்கள் இருவரும் பின்னால் போனோம். பிச்சையா நொண்டிக்கொண்டு வந்தார். பாதித் தூரத்தில் அவர் நடை மெதுவாயிற்று. நின்றுவிடுவாரோ என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் நடந்தார்.

செல்லத்துரை அக்காவைப் பார்த்துவிட்டு முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அவன் முதுகில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டினாள். பிச்சையா அவர்களுக்கு எதிரே நின்றார். ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் காலால் மண்ணைக் கிளறி, பந்து பட்டு எழும்பிய கல்லைத் தேடினார். சின்னதாக ஒன்று அகப்பட்டது. எடுத்துப் பார்த்துவிட்டுத் தூர எறிந்தார்.

“ஆறு ரூவா டிக்கெட்லே” என்றார்.

செல்லத்துரை தலையைத் தூக்கவில்லை. “திட்டணும்னா திட்டுங்க அத்தான்.”

“திட்ட வரல. ரெண்டாம் பாதியில ரெண்டு பந்து புடிச்சியே. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. அதுக்கே ஆறு ரூவா சரியாப் போச்சு. மிச்ச ஆட்டம் ஓசி.”

அவன் இப்போது நிமிர்ந்தான். முகமெல்லாம் கண்ணீரும் புழுதியும். முதலில் அத்தானைப் பார்த்தான், பிறகு அவர் கணுக்காலில் இருந்த ரத்தத்தை.

“மெய்யாவே டிக்கெட் எடுத்தா வந்தீய?”

பிச்சையா சட்டைப்பையில் கைவிட்டு, வாசலில் கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட்டை எடுத்து நீட்டினார். செல்லத்துரை அதை வாங்கினான். நாற்காலி, ரூபாய் ஆறு என்று அச்சடித்திருந்ததை வாசித்தான். பின்புறம் திருப்பிப் பார்த்தான். திருப்பிக் கொடுப்பான் என்று அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். அவன் குனிந்து, ஒரு காலுறையைக் கீழே இறக்கி, டிக்கெட்டை உள்ளே வைத்து, உறையை முழங்கால்வரை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான்.